காடாத்துணிப் பையும் கடற்பாசியும்

தென் கொரியா
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

பிரியா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தையல் மிஷினுக்கு மோட்டார் போடச் சொல்லி அண்ணனை நச்சரித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். போட்டானா, இல்லை நீங்கள் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அண்ணன் கேலி செய்கிறானாம். செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் முகம்தான் தெரிகிறது. மழை, பருத்தி, மக்காச்சோளத்தில் விழுந்த புழு என்று அவன் பேசி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடும். உங்கள் பங்குக்கு மிஞ்சுவது, "சரிட்டி, உடம்பப் பாத்துக்க" மட்டும். நாம் இரண்டு பேரும் கடிதத்தில் பேசிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னதுதான் சரி.

பார்சல் வந்து சேர்ந்தது. இட்லிப்பொடிக்கு ஒரு சுருக்குப்பை, பருப்புப்பொடிக்கு ஒன்று, கடலைமிட்டாய்க்கு ஒன்று. உள்ளே கவர் போட்டு ஒட்டியிருந்ததால் பையில் ஒரு துளி எண்ணெய் படவில்லை. காடாத்துணியில் இவ்வளவு நெருக்கமாகத் தையல் போட உங்களைத் தவிர யாராலும் முடியாது.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று தெருவில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்படிச் சொல்லுங்கள். இங்கே சோற்றை ஒரு கறுத்த தாளில் சுருட்டித் தின்பார்கள். அந்தத் தாள் ஒரு சிவப்புப் பாசி. கடலில் இலையாக வளரும். கோடையில் சிப்பி ஓட்டுக்குள் புகுந்து மெல்லிய சிவப்பு நூலாக இருக்கும். இலையாக இருக்கும்போது அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இல்லை என்றே சொல்லலாம். நூலானதும் செல்லுலோஸ் வந்துவிடுகிறது. செல்லுலோஸ் வேறொன்றுமில்லை, நம் காட்டுப் பஞ்சு முழுக்க அதுதான்.

சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்து இழையாக வெளியே தள்ளுவது ஒரு நொதி. பருத்தியில் அந்த நொதிகள் கும்மியடிக்கிற மாதிரி வட்டமாகக் கூடி நிற்கும். சிவப்புப் பாசியில் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கும். அந்த நொதியைச் செய்யச் சொல்லி உத்தரவு போடுகிற மரபணுவின் வாயை அடைத்துவிட்டால், பாசி நூலில் செல்லுலோஸ் நின்றுபோகுமா? இதுதான் என் கேள்வி.

மார்ச் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் சொல்லும்படியாக ஏதாவது கிடைத்தால் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஊருக்கு வந்து, அண்ணன் பார்த்துவைத்திருக்கும் கல்லூரியில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாசியை அதன் பிறகு புத்தகத்தில்தான் பார்க்க முடியும். "இந்த ஒரு தடவ போயிட்டு வரட்டுமே" என்று எனக்காக அண்ணனிடம் சண்டை போட்டது நீங்கள் ஒருவர்தான். அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
பிரியா


கோவில்பட்டி
3 செப்டம்பர் 2024

ஏட்டி பிரியா,

உன் மதினி சுந்தரேஸ்வரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் என்னோடு பிறந்தது, அது என்னோடுதான் இருக்கும். மோட்டார் போட்டாகிவிட்டது. கால் சும்மா இருக்கிறதே என்று இப்போது கை வலிக்கிறது.

தெருவில் நீ சொன்னபடியே சொன்னேன். எதிர்வீட்டு யோகலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ பிரியா பாசி வழிக்கதுக்கா கொரியாவுக்குப் போயிருக்கா? நம்ம ஊர்த் தண்ணித் தொட்டியில வழிக்கப்படாதா?" என்றாள். அவளுக்கு இனிமேல் ஜாக்கெட் தைப்பதாக இல்லை.

எனக்குப் புரிந்தது என்னவென்றால், பருத்தியும் பாசியும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். ஒருத்தி கரிசலில் பிழைக்கிறாள், ஒருத்தி கடலில் பிழைக்கிறாள். சரிதானே? அந்தப் பாசிக்காரி வாயை ஏன் அடைக்கிறாய், பாவம் என்றும் தோன்றியது. ஆனால் உனக்கு இரண்டு வருடம் கிடைக்குமென்றால் நன்றாக அடை.

உன் அண்ணன் இடைசெவல் காட்டில் இந்த வருடமும் இரண்டு ஏக்கர் பருத்திதான் என்று நிற்கிறார். சுற்றிலும் எல்லாரும் மக்காச்சோளம். சொன்னால் கேட்டால்தானே. உங்கள் குடும்பத்துப் பிடிவாதம் எனக்குப் பழகிப்போயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் பாசித் தாளைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் மதினி


தென் கொரியா
28 செப்டம்பர் 2024

என் பிரியமுள்ள மதினி,

வணக்கம். கை வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்றைக்கு உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

மரபணுவின் வாயை அடைத்தாகிவிட்டது. அப்படி அடைத்த பாசி நூல் கொழகொழவென்று ஆகிவிட்டது. தண்ணீரை வடிக்கிற நைலான் வலையில் ஒட்டிக்கொண்டு கண்ணையே அடைத்துவிட்டது. வலையோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. அப்போதுதான் உங்கள் பை ஞாபகம் வந்தது. நம் வீட்டில் தேங்காய்ப்பால் ஆனாலும் கேப்பைப்பால் ஆனாலும் துணியில் கட்டிப் பிழிவதுதானே வழக்கம்? இட்லிப்பொடிப் பையைக் கொதிக்க வைத்து அலசி, பாசியை உள்ளே போட்டு முறுக்கிப் பிழிந்தேன். தண்ணீரெல்லாம் சுத்தமாக வந்துவிட்டது! சாதாரணப் பாசிக்கு நைலான், வாய் அடைத்த பாசிக்கு மதினி பை என்று ஆகிவிட்டது.

பிழிந்ததைக் காரத்திலும் அமிலத்திலும் வேகவைத்தால் மற்றதெல்லாம் கரைந்துபோகும், செல்லுலோஸ் மட்டும் மிஞ்சும். வாய் அடைத்த பாசியில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சியது, மதினி! திரும்பச் செய்தேன், மறுபடியும் மிஞ்சியது. அப்படியென்றால் யாருக்கும் தெரியாத இன்னொரு நொதி அங்கே ஒளிந்திருந்து வேலை பார்க்கிறது. பேராசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

அம்மனுக்கு ஒரு மாலை சாத்திவிடுங்கள்.

சந்தோஷத்தில் இருக்கும்
பிரியா


கோவில்பட்டி
22 அக்டோபர் 2024

என் தங்கமே,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். உன் சளி திரும்ப வராமல் இருக்க மிளகுப்பொடி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்கு ஓடினேன். வழியில் யோகலட்சுமியைக் கூப்பிட்டு, "எங்க பிரியா கடலுக்குள்ள புதுசா ஒரு சாமானக் கண்டுபிடிச்சிருக்கா. எதுல வடிகட்டிக் கண்டுபிடிச்சா தெரியுமா? நான் தச்ச பையில!" என்று சொன்ன பிறகுதான் மனசு அடங்கியது. அவள் ஜாக்கெட்டையும் தைத்துக் கொடுத்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கும்போது பகை எதற்கு?

உன் அண்ணன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் டீக்கடையில் தங்கமாரி அண்ணாச்சியிடம், "எந் தங்கச்சி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வருவா" என்று சொன்னதைப் பக்கத்து வீட்டுச் சீனித்தாய் காதால் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் புளி விலையைப் பற்றிப் பேசினார்.

நல்ல மழை. விதைத்தாகிவிட்டது. இதோடு இரண்டு பை வைத்திருக்கிறேன், இன்னும் பெரிதாக, இரட்டைத் துணியில். தாராளமாகப் பிழி.

உன் மதினி


தென் கொரியா
16 நவம்பர் 2024

அன்பு மதினிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கவேண்டும். பைகளும் மிளகுப்பொடியும் வந்தன.

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். வசந்தத்தில் ஒரு மாநாட்டில் நான் இதைப் பற்றிப் பேசவேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கான தாள்களையும் எடுத்து வைத்துவிட்டார். படங்கள் மட்டும் பாக்கி. அடுத்த வாரம் எடுப்பேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. விடுதிக்காரி தினமும் சோறு சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இந்த ஊரில் வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்.

பிரியா


கோவில்பட்டி
18 டிசம்பர் 2024

அன்புள்ள பிரியா,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கடைசியாகக் கடிதம் எழுதி ஒரு மாதமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்றுதான் பேசுகிறாய். வேலை எப்படிப் போகிறது என்று நான் பின்னாலிருந்து கேட்டால் "போகுது மதினி" என்கிறாய். உன் அண்ணனுக்கு அது போதும். எனக்குப் போதாது.

மழை கொட்டித் தீர்த்துவிட்டது. காட்டில் தண்ணீர் நின்று பருத்தி கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது. தெளிந்துவிடும் என்கிறார். படங்கள் எடுத்தாயா? நன்றாக வந்ததா?

உன் மதினி


கோவில்பட்டி
11 ஜனவரி 2025

பிரியாவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். உடம்பு நன்றாக இருக்கிறதென்று ஃபோனில் தெரிந்துகொண்டேன்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? உன் அண்ணன் அந்தக் கல்லூரிக்காரரை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை என்று உனக்குக் கோபமா? தடுத்தேன், கேட்கவில்லை. இல்லை, உன் கண்டுபிடிப்பைத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேனே, அதனாலா? கோபம் என்றால் திட்டி எழுது. எழுதாமல் இருக்காதே. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் தைப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருகிறேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

மதினி


தென் கொரியா
19 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் மேல் எனக்கு என்ன கோபம் வரப்போகிறது? டிசம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் தப்பு. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

அந்தக் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பு இல்லை மதினி. படம் எடுப்பதற்காக மிஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தேன். பாசியின் செல்லுலோஸ் இழை இந்த நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்கு மெல்லியது. எனக்குத் தெரிந்ததோ தட்டையான நாடா மாதிரி, இடையிடையே முறுக்கிக்கொண்டு கிடந்தது. காலேஜில் முதல் வருடம் நுண்ணோக்கியில் காட்டுவார்களே, அதே இழை. பஞ்சு. மிஞ்சிய செல்லுலோஸ் பாசியுடையது இல்லை, எங்கிருந்தோ வந்து கலந்த பருத்தியுடையது.

ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. கட்டுரை முடிந்திருந்தது, ஒப்பந்தத் தாளும் தயார். அந்தக் கண்ணாடித் தகட்டைத் துடைத்துவிட்டு வேறொன்றை வைத்தால் தீர்ந்தது. துடைத்துவிடலாமா என்று நினைத்தேன் மதினி. ஒரு நாள் இல்லை, பல நாள் நினைத்தேன். கடைசியில் பேராசிரியை அறைக்குப் போய்த் தகட்டை அவர் முன்னால் வைத்துவிட்டேன். அவர் அதை எடுத்துப்போய்த் தானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "எல்லாவற்றையும் திரும்பச் செய்" என்று மட்டும் சொன்னார். ஒப்பந்தத் தாளைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. அநேகமாக மார்ச்சோடு வந்துவிடுவேன். அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பஞ்சு எப்படி வந்ததென்று சரியாகத் தெரியவில்லை. மேஜை துடைக்கிற துணியாக இருக்கலாம். இனிமேல் வெளித்துணி எதுவும் கூடத்துக்குள் வரக்கூடாதென்று விதி போட்டிருக்கிறார்கள். அதனால் பை தைத்து அனுப்பவேண்டாம், உங்களுக்கும் வீண் சிரமம்.

பருத்தி தெளிந்ததா?

பிரியா


கோவில்பட்டி
8 பிப்ரவரி 2025

பிரியா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன்.

மேஜை துடைக்கிற துணியா? யாரிடம் கதை விடுகிறாய்? சாதாரணப் பாசிக்கு நைலான், வாய் அடைத்த பாசிக்கு மதினி பை என்று நீ எழுதியது எனக்கு மனப்பாடம். எந்தப் பாசியில் பஞ்சு கலந்ததோ, அந்தப் பாசியைத்தான் என் பையில் பிழிந்திருக்கிறாய். நான் பருத்திக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். பருத்தி எடுப்புக் காலத்தில் சோற்றிலும் தலையிலும் பஞ்சு கிடக்கும். புதுக் காடாத்துணி எவ்வளவு பிசிறு உதிர்க்கும் என்று தையல்காரிக்கு நீ சொல்லித் தரவேண்டாம். அதிலும் இரட்டைத் துணியில் வேறு தைத்து, தாராளமாகப் பிழி என்று எழுதினேனே பாவி.

கடிதத்தைப் படித்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன். கண் கலங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. உன் அண்ணன் பயந்துபோய், "என்ன செய்யுது? மூட்டு வலியா? டாக்டர்ட்ட போவமா?" என்று நிற்கிறார். உனக்காகச் சண்டை போட்டு அனுப்பினேன், நானே உன் காலை வாரிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம், "அவ போயி உள்ளதச் சொல்லிட்டால்லா? பெறவு என்ன அழுக?" என்றார். இன்றுவரை கல்லூரிக்காரர் பேச்சை எடுக்கவில்லை.

பை கெடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. மனசு நோகுமென்று என்னிடம் மறைத்தாயே, அதுதான் வலிக்கிறது. அவ்வளவு பெரிய அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது, என்னிடம் சொல்ல முடியவில்லையா? நான் என்ன விருந்தாளியா?

இத்துடன் உன் பேராசிரியை அம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. அவிய பாஷையில் அப்படியே படித்துக் காட்டவேண்டும். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. என் மேல் ஆணை.

நன்றாகச் சாப்பிடு.

உன் மதினி


பேராசிரியை அம்மாவுக்கு வணக்கம்.

உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டவன் நல்ல சுகத்தைத் தரட்டும். நான் பிரியாவின் அண்ணன் மனைவி. துணி தைக்கிறவள். உங்கள் கூடத்துக்குள் பஞ்சு வந்தது என் பையால். ஊரில் எதையும் துணியில் கட்டிப் பிழிந்து பழக்கம், அதே கைப்பழக்கத்தில் பிள்ளை செய்துவிட்டாள். உங்கள் நேரமும் பாசியும் வீணானதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று. பிழை யாருக்கும் தெரியாமல் கிடந்தபோது அவளே எடுத்து உங்கள் முன்னால் வைத்தாள். பாசியைப் படித்தவர்கள் உங்களுக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள். இப்படி ஒருத்தி கிடைப்பாளா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அனுப்புவதென்றால் தலை குனிய வைத்து அனுப்பாதீர்கள். அவளுக்கு இங்கே சோறு இருக்கிறது.

இப்படிக்கு,
மு. சுந்தரேஸ்வரி


தென் கொரியா
9 மார்ச் 2025

என் மதினிக்கு,

முழங்கால், கை, கண் மூன்றும் எப்படி இருக்கின்றன? நான் இன்றைக்கு மிக நன்றாக இருக்கிறேன்.

திட்டியதெல்லாம் வாங்கிக்கொண்டேன். பேராசிரியையிடம் முதல் நாளே பை என்றுதான் சொன்னேன். உங்களிடம்தான் வாய் வரவில்லை. யோகலட்சுமி அக்காவிடம் எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள்! அதைப் போய் எப்படிக் கெடுப்பேன்? இனிமேல் உங்களிடம் எதையும் மறைக்கமாட்டேன்.

இந்தத் தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எல்லாவற்றையும் நைலானிலேயே வடித்துத் திரும்பச் செய்துவிட்டேன். வாய் அடைத்த பாசியில் செல்லுலோஸ் அநேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒளிந்திருந்த இரண்டாவது நொதி என்று எதுவும் இல்லை. அந்த ஒரே நொதிதான் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுவர் பலமில்லாமல்தான் நூல் கொழகொழவென்று ஆகியிருக்கிறது. வலையில் ஒட்டிக்கொண்டு அது அப்போதே எனக்குச் சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. யாரும் நாற்காலியிலிருந்து எழுகிற முடிவு இல்லை. ஆனால் உண்மையான முடிவு.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியையிடம் கொண்டுபோனேன். ஆணை இட்டுவிட்டீர்களே, என்ன செய்ய? என் கொரிய மொழி இன்னும் பால்வாடி மாதிரிதான். எழுதியது யார் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லத் திணறியிருப்பேன். இந்த மொழியில் அண்ணன் மனைவிக்கென்று தனிச் சொல்லே இருக்கிறது மதினி. அதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் தமிழில் ஒரு வரி, பிறகு அவர் மொழியில் ஒரு வரி என்று படித்தேன். கடைசி வரியைத் தமிழில் படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவர் மொழியில் சொல்லவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. தன் தேநீரை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு, "கடைசியில் என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார்.

"என்னை அனுப்பினால் அங்கே எனக்குச் சோறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்" என்றேன்.

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். இரண்டு வருடத்துக்குப் பணம் கிடைக்கவில்லையாம், ஒரு வருடத்துக்கு எழுதியிருந்தார். அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார். தேதியைப் பார்த்தேன். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய வாரம் மதினி. மறுபடி செய்த முடிவோடு நான் வரட்டும் என்று வைத்திருந்தாராம்.

தாளை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"உன் மதினிக்கு எழுது. இங்கேயும் சோறு இருக்கிறது."

உங்கள்
பிரியா